இன்ஜின் ஆறட்டும்

என் வீட்டுக்காரரின் படகை என் கையிலிருந்து பிரித்து இன்னொருவர் கையில் கொடுத்த புண்ணியவான் அவர். அதற்காக அவரை ஆயுசுக்கும் திட்டலாம். திட்டியும் பார்த்தேன், நாலு வார்த்தைக்கு மேல் வாயில் வரவில்லை. இப்போது அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இங்கே சிங்கப்பூரில் தெம்பனிஸிலிருந்து சாங்கி பக்கம் பஸ்ஸில் போகும்போது கடல் கண்ணில் பட்டால் முதலில் என் வீட்டுக்காரர் ஞாபகம் வருகிறது, அடுத்து இவர் ஞாபகம். சில நாள் வரிசை மாறியும் வருகிறது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

பேரை எழுத மாட்டேன். இருந்திருந்தால் கோபித்துக்கொள்வார். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிட்டோம். தேக்கா மார்க்கெட்டில் நின்று பாய் என்று ஒரு குரல் கொடுத்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குள்ளம், நரைத்த தாடி, கைமுட்டி வரை மடித்த முழுக்கைச் சட்டை. பழைய மோட்டார் படகு வாங்குகிறவர்களுக்காக அதன் இன்ஜினைப் பார்த்து, நல்லதா கெட்டதா, கெட்டதென்றால் பிரித்துக் கட்ட என்ன செலவாகும் என்று சொல்வதுதான் அவர் தொழில். கப்பலில் இருந்தார் என்பார்கள், ஜூரோங் கப்பல் பட்டறையில் இருந்தார் என்பார்கள். அவரைக் கேட்டால், "அதெல்லாம் எதுக்கு, நீங்க போட்டைக் காட்டுங்க" என்பார்.

பாயைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும் என்றால், அது அவர் வலது உள்ளங்கை. காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தால் ஒன்பதுக்கே போய் நிற்பார். விற்கிறவர் பல் துலக்கிக்கொண்டிருப்பார், அல்லது வந்தே சேர்ந்திருக்க மாட்டார். வந்ததும் இன்ஜின் பெட்டியின் மூடியைத் தூக்கச் சொல்வார். எண்ணெயைப் பார்க்க மாட்டார், மீட்டரைப் பார்க்க மாட்டார், சாவியைக் கேட்க மாட்டார். இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எனக்கென்னவோ மாவு புளித்துவிட்டதா என்று பானையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரிதான் இருக்கும்.

விஷயம் இதுதான். டீசல் இன்ஜின் உள்ளே தேய்ந்துபோயிருந்தால், ஆறிக் கிடக்கும்போது எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். சாவியைத் திருகத் திருக இருமும், வெள்ளைப் புகையாகத் தள்ளும். ஒரு தடவை சூடாகிவிட்டால் அதே இன்ஜின் சாவியைத் தொட்டதும் நல்ல பிள்ளையாக ஓடும். அதனால் விற்கிறவர்கள், ஆள் வருவதற்குள் ஓட்டிச் சூடாக்கி அணைத்து வைத்துவிடுவார்கள். வாங்குகிறவர் ஸ்டார்ட் செய்து பார்த்து, ஒரே இழுப்பில் வந்துவிட்டதே என்று மயங்கிப்போவார். பாய் ஒரு மணி நேரம் முன்னால் போவது இதற்குத்தான்.

"சூடா இருக்கே தம்பி."

"பேட்டரி சார்ஜ் பண்ணேன் பாய். சும்மா கொஞ்ச நேரம்தான் லா."

"நல்லது. அப்ப இன்னொரு நாளைக்கு வர்றேன்."

அவ்வளவுதான். கெஞ்சினாலும் சரி, சண்டை போட்டாலும் சரி, சூடான இன்ஜினைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிடுவார். விற்கிறவர் நீட்டும் காப்பியையும் தொட மாட்டார். வேலை முடிந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட பிறகு கொடுத்தால் குடிப்பார். ஆனால் அவர் சொன்னதைக் கேட்ட பிறகு காப்பி கொடுக்கிற மனசு பலருக்கு இருந்ததில்லை.

எங்களுக்கு அவர் அறிமுகமானதே இப்படி ஒரு காப்பியில்தான். என் வீட்டுக்காரர் ஏர்போர்ட்டில் கார்கோ பிரிவில் வேலை பார்த்தார். மீன் பிடிக்கிற பைத்தியம். லீவு நாளில் கம்பளிப்பூச்சி மாதிரி சோபாவில் சுருண்டு கிடக்காமல் கடலுக்குப் போகிறாரே என்று நானும் முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் சொந்தமாகப் படகு வேண்டும் என்று கிளம்பினார். வெள்ளை வெளேர் என்று புது பெயிண்ட் அடித்த ஒரு படகைப் பார்த்து மயங்கி, முன்பணம் கொடுக்கிற அளவுக்குப் போய்விட்டார். கூட வேலை பார்த்த ஒருவர்தான், தேக்காவில் ஒரு பாய் இருக்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு என்று சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். நாங்கள் போய்ச் சேரும்போது பாய் படகுத்துறையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். விற்கிற ஆள் ஒரு கப் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றார். ஆவி போய், ஆடை படிந்து, காப்பி அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரர் பாவம் பார்த்து அதை வாங்கிக் குடிக்கப் போனார். "குடிக்காதீங்க" என்றார் பாய். விஷம் கலந்துவிட்டார்களோ என்று எனக்கு ஒரு நிமிடம் ஆகிவிட்டது.

இன்ஜின் ஆறித்தான் இருந்தது. அந்த ஆளுக்குச் சூடாக்க நேரம் கிடைக்கவில்லை. பாய் எண்ணெய்க் கம்பியை உருவித் தன் வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்து எங்களிடம் நீட்டினார். நான் அடுப்படிக்காரி, எனக்கு உடனே தெரிந்தது. மைலோவில் பால் கலந்த நிறம். எண்ணெய்க்குள் தண்ணீர் போயிருந்தது.

"பிரிச்சுக் கட்டிடலாமா பாய்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அந்த வெள்ளைப் பெயிண்டிலிருந்து அவரால் கண் எடுக்க முடியவில்லை.

"கட்டலாம். போட்டு விலை எவ்வளவோ அதுல பாதி இன்ஜினுக்கே ஆகும். அதைச் சொல்லி முடிச்சுட்டு மெக்கானிக்கு இன்னொண்ணும் சொல்வான். இன்ஜினை வெளிய எடுக்கணும்னா மேல்தட்டை அறுக்கணும், போட்டைத் தண்ணியிலேர்ந்து தூக்கணும். எடுக்கிறதுக்கும் திரும்ப உள்ள வைக்கிறதுக்கும் இன்னொரு பாதி. மொத்தத்துல நீங்க ரெண்டு போட்டு வாங்குறீங்க, ஓட்டப்போறது ஒண்ணு."

அவர் எப்போதும் அப்படித்தான். வேண்டாம் என்று சொல்ல மாட்டார். என்ன ஆகும் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவார்.

பிறகு அவரே ஒரு படகு காட்டினார். அதை முதலில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. சாணி நிறம். மெத்தையெல்லாம் பூஞ்சை. ஒரு பக்கம் பெயர் அழிந்துபோய் இரண்டு எழுத்து மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. "இதுலயா பாய் நாங்க உபின் தீவுக்குப் போகணும்? குரங்குகூட ஏறாது" என்றேன். அவர் இன்ஜின் மூடியைத் தூக்கி உள்ளங்கையை வைத்தார். ஆறியிருந்தது. ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஒரே இழுப்பு. ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அந்த ஓட்டையின் மேலும் கையை வைத்தார். உள்ளே தேய்ந்திருந்தால் அங்கிருந்து காற்று புஸ்ஸென்று கையைத் தள்ளுமாம். தள்ளவில்லை.

"தங்கச்சி, மெத்தையை நீங்க மாத்திக்கலாம். இதை மாத்த முடியாது" என்றார். அவர் ஒரு படகைப் புகழ்ந்து நான் கேட்டது அவ்வளவுதான். வாங்கினோம். என் வீட்டுக்காரர் அந்த இன்ஜினைப் பார்த்துக்கொண்ட அழகை இங்கே சொன்னால் உங்களுக்கே பொறாமை வரும். எனக்கு வந்தது. எனக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையை மேசையில் வைத்துவிட்டுப் போகிற மனுஷன், அதற்கு எண்ணெய் மாற்ற லீவு போட்டார்.

அதற்கப்புறம் பாய் வீட்டுக்கு நாங்கள் அடிக்கடி போவோம். தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு அடுக்குமாடி புளோக்கில் மேல் மாடி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இடித்துப் பிடித்துக் காய்கறி வாங்கிக்கொண்டு மேலே ஏறினால், அவர் மனைவி கதவைத் திறக்கும்போதே புகாரோடுதான் திறப்பார். பேரப்பிள்ளைகள் டிவி பார்க்கவில்லை என்று சொன்னால் பாய் டிவியின் முதுகைத் தொட்டுப் பார்ப்பாராம். சோறு இப்போதுதான் வடித்தேன் என்றால் குக்கரைத் தொட்டுப் பார்ப்பாராம்.

"நாப்பது வருசமா நான் சொன்னதை ஒரு நாள் நம்புனதில்ல தங்கச்சி. கல்யாணம் பேசின புதுசுல, சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் வீட்டுக்கு வர்றேன்னு சொல்லி விட்டாரு. மத்தியானம் லொகருக்கே வந்து நிக்கிறாரு. நான் தலைக்கு எண்ணெய் வச்சு, பழைய கைலியோட மீன் கழுவிக்கிட்டு இருக்கேன். எங்க வாப்பாவுக்கு மானம் போச்சு."

"பாத்துட்டு என்னக்கா சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? பிடிச்சிருக்குன்னுட்டுப் போயிட்டாரு."

பாய் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. என் வீட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. அதைக் கேட்டவர்கள் நாங்கள் நாலு பேர்தான். இப்போது மிச்சம் நானும் அந்த அக்காவும்தான். அவரையும் மகள் ஜோகூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தேக்காவுக்குப் போனால் வாழைப்பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு நேராகத் திரும்பிவிடுகிறேன், அந்த புளோக் பக்கம் தலையைத் தூக்குவதில்லை.

என் வீட்டுக்காரர் போனது வேலை முடிந்த ஒரு சாயங்காலம். லாக்கரைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். கூட இருந்தவர்கள் களைப்பு என்று நினைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் எங்கள் புளோக்குக்குக் கீழே கூடாரம் போட்டு நாற்காலி இறக்கிக்கொண்டிருக்கும்போதே பாய் வந்துவிட்டார், யாரும் வருவதற்கு முன்னால். அன்றைக்கும் சீக்கிரம். வீட்டுக்குள் வந்து என் வீட்டுக்காரர் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். எதைப் பார்த்தாலும் தொட்டுப் பார்க்கிற மனிதர், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அதைப் பார்த்த பிறகுதான் அழுதேன்.

படகு நின்ற இடத்திலேயே நின்றது. நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் சாங்கிக்குப் போவேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்யவும் அணைக்கவும் மட்டும் என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். வாரம் ஒரு தடவை ஓட்டி வைக்க ஆள் வேண்டுமே, அதற்காக. கட்டிய கயிற்றோடு நின்ற இடத்திலேயே அதை ஓடவிட்டுப் பின்பக்க மெத்தையில் உட்கார்ந்துகொள்வேன். கண்ணை மூடினால் போதும், அந்தச் சத்தத்தில் அவர் முன்னால் நின்று ஓட்டிக்கொண்டிருப்பார். நான் பின்னாலிருந்து சண்டை போடலாம். மகன் போன் பண்ணுவதில்லை என்று சொல்லலாம், பக்கத்து வீட்டுக்காரி செருப்பு ரேக்கை நம் பக்கம் நகர்த்திவிட்டாள் என்று சொல்லலாம். எனக்குப் படகு வேண்டாம், மீன் வேண்டாம். அந்தச் சத்தம் வேண்டும்.

மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறான். "அம்மா, ஓட்டத் தெரியாத போட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க? வித்துடுங்க" என்று வாராவாரம் அரிப்பான். அவன் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் எரிச்சல். சரி என்று சொல்லித் தொலைத்தேன். அவனே இணையத்தில் போட்டு, ஒரு ஆளையும் பிடித்துவிட்டான். ஜூரோங்கில் வெல்டிங் கம்பெனி வைத்திருக்கிற தமிழர், முப்பத்தைந்து வயது இருக்கும். அந்த மனிதர் இன்ஜினைப் பார்க்க யாரைக் கூப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

"தங்கச்சி, வாங்குற பார்ட்டி என்னையே கூப்பிட்டிருக்காரு" என்று பாய் போனில் சொன்னார். "உங்களைத் தெரியும், பழக்கம்னு சொல்லிட்டேன். பரவாயில்லன்னுட்டாரு. சனிக்கிழமை வர்றேன். ஸ்டார்ட் பண்ணி வச்சிடாதீங்க."

"எனக்கே சொல்றீங்களா பாய்?"

போனை வைத்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. சூடான இன்ஜினை பாய் பார்க்க மாட்டார். பையை மாட்டிக்கொண்டு போய்விடுவார். வாங்க வந்தவருக்குச் சந்தேகம் வரும், விட்டுவிடுவார். மகனிடம், வந்த ஆளுக்குப் பிடிக்கவில்லையாம் என்று சொல்லிவிடலாம். என் வாயால் மாட்டேன் என்று சொல்லவும் வேண்டாம், படகும் என்னிடம் இருக்கும். ஊரில் எல்லோரும் விற்பதற்காக இன்ஜினைச் சூடாக்குவார்கள். விற்காமல் இருப்பதற்காகச் சூடாக்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் ஸ்டார்ட் செய்தேன். நன்றாகக் காயட்டும் என்று வெகுநேரம் ஓடவிட்டேன். அணைத்துவிட்டு, பிளாஸ்க்கில் கொண்டுபோன காப்பியை ஊற்றிக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்தேன். பாய் வழக்கம்போலச் சீக்கிரம் வந்தார். மூடியைத் தூக்கினார். உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார், அவ்வளவு சூடு.

"ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"ஆமா பாய். பேட்டரி சார்ஜ் பண்ண."

அந்தப் பொய்யை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பார். என்னை ஒரு பார்வை பார்த்தார். இதோ பையை எடுக்கப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றினார். துறையின் ஓரமாகக் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

"ஆறட்டும்" என்றார்.

வாங்குகிறவர் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் ஆண்ட்டி ஸ்டார்ட் பண்ணீங்க? ஏதாச்சும் பிராப்ளமா?"

"இருக்கலாம் தம்பி. பழைய இன்ஜின்தானே. யாருக்குத் தெரியும்" என்றேன். தன் சரக்கைத் தானே குறை சொல்கிற வியாபாரியை அவர் எங்கே பார்த்திருப்பார். பாய் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தாடி மட்டும் அசைந்தது.

"அங்கிள், வேணாம் லா. வேற போட் பார்த்துக்கலாம்."

"அது உங்க இஷ்டம். என்னைக் கூப்பிட்டுட்டீங்க, நான் பாத்துட்டுத்தான் போவேன். வெயில்ல நிக்காதீங்க, போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க."

அவர் அரை மனசோடு நாசி லெமாக் சாப்பிடப் போனார். நான் பாயைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சூடா இருந்தா திரும்பிப் போயிடுவீங்களே பாய். ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?"

"அவங்க எல்லாம் கெட்டதை நல்லதுன்னு காட்டச் சூடாக்குறாங்க. நீங்க எதுக்குச் சூடாக்குனீங்க?"

நான் பிளாஸ்க்கின் மூடியைத் திருகத் தொடங்கினேன்.

"நான் போயிட்டா அவரு வேற ஆளைக் கூட்டிட்டு வருவாரு. இல்லன்னா உங்க மகன் வேற பார்ட்டியைப் பிடிப்பாரு. வர்றவன் இப்படித் தொட்டுப் பாத்துட்டு என்ன எழுதுவான்? சூடாக்கி வச்சிருக்காங்க, உள்ள தேஞ்சிருக்கும், பிரிச்சுக் கட்டணும்னு எழுதுவான். உங்க வீட்டுக்காரரு வச்சிருந்த இன்ஜினு தங்கச்சி. அதை அப்படி எழுத விட்டுட்டு நான் பஸ் ஏறணுமா?"

நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உபினுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு படகு போனது. அதன் அலை வந்து எங்கள் படகைத் தூக்கி இறக்கியது.

"நானே வச்சுக்கிட்டா என்ன பாய்? யாருக்கு என்ன நஷ்டம்?"

"நின்ன எடத்துல வாரத்துக்கு அரை மணி நேரம் ஓட்டுறது இதுக்குப் பத்தாது. உப்புத் தண்ணி உள்ளயே நிக்கும். கொஞ்ச நாள்ல குழாய் அரிக்கும், அப்புறம் தண்ணி எண்ணெய்க்குள்ள போயிடும். அப்ப மேல்தட்டை அறுத்து, இதை வெளிய தூக்கி, பிரிச்சுப் போடுவாங்க. அவரு கையால முடுக்கின போல்ட்டு ஒண்ணு மிஞ்சாது." பக்கத்திலிருந்த செருப்பை நேராக்கி வைத்தார். "வேணாம்னு நான் சொல்லல. என்ன ஆகும்னு சொன்னேன்."

"எனக்கு அந்தச் சத்தம் வேணும் பாய்."

"தெரியும்" என்றார். ஆறுதலுக்கு ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாத மனிதர். வெயில் ஏறியது, நிழல் எங்களை விட்டு நகர்ந்தது, நாங்களும் நிழலோடு நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தோம். வாங்க வந்தவர் ஒரு பொட்டலம் நாசி லெமாக் கொண்டுவந்து கொடுத்தார். பாய் அதைச் சாப்பிட்டார். என் காப்பியை நான் இரண்டு தடவை நீட்டியும் தொடவில்லை, கிராதகர்.

மத்தியானம் தாண்டி மூடியைத் தூக்கி மறுபடியும் கையை வைத்தார். இந்தத் தடவை கை அங்கேயே இருந்தது. "சாவி உங்ககிட்டதானே இருக்கு. நீங்களே பண்ணுங்க" என்று என்னிடம் சொன்னார். மனசுக்குள் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன், வரக் கூடாது, வரக் கூடாது என்று. அடுத்த நொடியே, ஐயோ வந்துவிடட்டும், வந்தவர் முன்னால் என் வீட்டுக்காரர் மானம் போய்விடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். சாவியைத் திருகினேன். ஒரே இழுப்பு. வெள்ளைப் புகை ஒரு இழைகூட இல்லை.

அப்புறம் கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாய்தான் ஓட்டினார், அவரிடம் லைசென்ஸ் இருந்தது. வாங்குகிறவர் அவர் பக்கத்தில், நான் பின் மெத்தையில். கரையைத் தாண்டி விரிந்த இடத்துக்கு வந்ததும், "முழுசாத் தொறக்கப்போறேன், பிடிச்சுக்குங்க" என்றார். வேகப் பிடியைக் கடைசி வரை தள்ளினார். முதலில் கறுகறு என்று புகை வந்தது. வாங்குகிறவர் பதறிவிட்டார். "அது கரி. ரொம்ப வருசமா மெதுவாவே ஓட்டியிருக்காரு, போயிடும்" என்றார் பாய். புகை அடங்கியது. மூக்கு மேலே எழும்பிய படகு மெல்லப் படிந்து, பிறகு பறந்தது.

அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. அந்த இன்ஜினுக்குள் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் பிடியைப் பாதிக்கு மேல் தள்ளியதே கிடையாது. கொஞ்சம் வேகமாகப் போகலாமே என்றால், "இன்ஜினுக்கு எதுக்குச் சிரமம், பின்னாடி பாத்துக்கலாம்" என்பார். எல்லாமே பின்னாடி. ரிட்டயர் ஆன பின்னாடி, மகன் செட்டில் ஆன பின்னாடி. பாவி மனுஷா, இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா ஊர்ந்துகொண்டிருந்தாய். கண்ணில் தண்ணீராகக் கொட்டியது. தெறித்த கடல் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் விட்டேன்.

பாய் மீட்டர்களை எல்லாம் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். படகு தண்ணீரில் உட்கார்ந்தது. திடீரென்று எல்லாம் அமைதியாகிவிட்டது.

"தண்ணி பம்பும் புகைக்குழாயும் மாத்திக்குங்க, அது எல்லாப் போட்டுக்கும் உள்ள செலவுதான்" என்று வாங்குகிறவரிடம் சொன்னார். "பிரிச்சுக் கட்டுற பேச்சே வேணாம். உள்ள தேயவே இல்ல. எல்லாம் அப்படியே இருக்கு."

அந்த மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஓகே அங்கிள், நான் எடுத்துக்கிறேன். திரும்பிடலாமா? டெஸ்ட் எல்லாம் முடிஞ்சிருச்சுல்ல?"

"இல்ல. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

"என்ன டெஸ்ட்?"

பாய் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இங்க வாங்க."

எழுந்து போனேன். ஸ்டியரிங்கைத் தன் கையில் வைத்துக்கொண்டே சற்று விலகி, என் வீட்டுக்காரர் நிற்கிற இடத்தில் எனக்கு இடம் விட்டார். வேகப் பிடியைக் காட்டினார். அப்படி ஒரு டெஸ்ட் உலகத்தில் கிடையாது. பாயோடு இத்தனை வருஷம் பழகினவளுக்கு அதுகூடத் தெரியாதா? அந்தப் பிடியை அதுவரை நான் தொட்டதில்லை.

"எவ்வளவு தள்ளணும் பாய்?"

"உங்க இஷ்டம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது போகிற மட்டும் தள்ளினேன்.